டோலிக்காரர்களின் இங்கிலீஷ்

திருத்தணி மலைக்கு நான் டோலி தூக்கிய காலம். படி ஏற முடியாதவர்களை மூங்கிலில் கட்டிய நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்குவோம். ஏறும்போது கனமெல்லாம் பின் கம்புக்கு இறங்கும். வலுத்தவர் பின்னால் நிற்பார். என் இடம் பின் கம்பு.

ஆளைப் பார்த்ததும் கனம் சொல்லிக்கொள்வோம். குண்டு என்று வாய்விட்டுச் சொன்னால் சாமி கும்பிட வந்தவர் மனம் நோகும். எங்கள் மேஸ்திரி அரக்கோணம் ரயிலடியில் வெள்ளைக்காரர்களுக்குப் பெட்டி தூக்கினவர். அங்கிருந்து மூன்று வார்த்தை கொண்டுவந்தார். 'ஸ்லிம்' என்றால் லேசு. 'ஸ்டவுட்' என்றால் கனம். 'ஃபேட்' என்றால் வழியில் தோள் மாற்ற இன்னொரு ஆள் வேண்டும்.

யுத்த காலம். அரிசி ரேஷன். முறைக்காய்ச்சலில் கிடந்து எழுந்து, அன்றுதான் வேலைக்கு வந்தேன். வீட்டில் உலை வைக்க ஒன்றும் இல்லை. என் மனைவியின் தம்பியும் டோலி தூக்குகிறவன்.

"பாவா, தாங்குவியா?" என்றான்.

"ஆங்" என்றேன்.

மெட்ராசிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி. பெருத்த உடம்பு. மேஸ்திரி எங்கள் பக்கம் திரும்பி, "ஃபேட்டு" என்றார்.

அம்மா சிரித்துவிட்டார். "ஏம்பா, ஸ்டவுட்னு சொல்லக் கூடாதா? அதுதான் மரியாதை. எதிர்ல நிக்கிறவங்களை யாரும் ஃபேட்னு சொல்றதில்லை. என் வீட்டுக்காரரே சொல்றதில்லை."

"தப்பா நெனைச்சிக்காதீங்கம்மா. கனத்துக்குச் சொல்றதுங்க" என்றார் மேஸ்திரி.

இதற்கு முன் எத்தனை பேர் புரிந்தும் புரியாதவர்போல உட்கார்ந்து வந்தார்களோ. எங்களுக்குத் தலை நிமிரவில்லை.

அப்புறம் அவர் கண் என்மேல் விழுந்தது. "இவரை என்னன்னு சொல்வீங்க?"

"ஸ்லிம்முங்க" என்றார் மேஸ்திரி.

"அது பொம்பளைங்களைப் புகழ்ந்து சொல்றதுப்பா. ஆம்பளை ஒல்லியா இருந்து வலுவும் இருந்தா, லீன்."

நெஞ்சை நிமிர்த்தினேன். அந்த ஒரு சொல்லை எனக்குச் சொல்லிவிட்டால் கம்பு கிடைக்கும்.

கணவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வீக்" என்றார் மெதுவாக. அதற்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்ட சொல்.

மேஸ்திரி வேறு ஆளைக் கூப்பிட்டார். என் கையில் அர்ச்சனைக் கூடையைக் கொடுத்தார். "நீ இத்த எடுத்துகினு பின்னால வா."

கூடையோடும் ஏற முடியவில்லை. பாதி மலையில் மூச்சு இரைத்தது. அம்மா திரும்பிப் பார்த்தார். "இறக்குங்கப்பா. அவர் வரட்டும்."

எனக்காக டோலியை இறக்கினார்கள். அவ்வளவு கனத்தைப் படியில் இறக்கித் திரும்பத் தூக்குவது என்னவென்று எனக்குத் தெரியும். மைத்துனன் துண்டால் முகம் துடைத்தான். என்னைப் பார்க்கவில்லை.

தரிசனம் முடிந்ததும் அம்மா பிரசாதப் பொங்கலை முழுசாக என்னிடம் கொடுத்தார். "நீங்க சாப்பிடுங்க."

வீட்டுக்குக் கொண்டுபோக நினைத்தேன். முடியவில்லை. எல்லோர் எதிரிலும் நின்றபடியே சாப்பிட்டேன். இலையையும் வழித்தேன்.

பிறகு உடம்பு தேறியது. மேஸ்திரி கூப்பிட்டார். ஒல்லியான ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி இங்கிலீஷ் எதுவும் சொல்லவில்லை. நான் வழக்கம்போலப் பின்னால் போனேன். மேஸ்திரி வேண்டாம் என்று தலையசைத்து, முன் கம்பைக் காட்டினார்.