மூன்றாம் சங்கு

எனக்குக் கை முந்திக்கொள்ளும், புத்தி பின்னால்தான் வரும். அந்தக் கையால் ஒரு கோடைக்காலப் பிற்பகலில் இரண்டு பேரை அடித்தேன். இரண்டு பேர் மேலும் தப்பில்லை.

நீலகிரிச் சரிவின் அடியில், மேலேயுள்ள அணையிலிருந்து பெரிய குழாயில் இறங்கும் தண்ணீரால் ஓடும் மின் நிலையத்தில் நான் ஆபரேட்டர். நான் சேர்ந்த புதிதில் மிஷின் இரவு பகலாக ஓடியது. அதைச் சுழற்றிவிட்டு வெளியேறும் தண்ணீர் ஆற்றில் நுரைத்துக்கொண்டு போகும். அதில் கால் வைக்க யாருக்கும் துணிச்சல் வராது.

பிறகு வருஷத்துக்கு வருஷம் அணை வற்றியது. இமயமலைப் பக்கம் வேலை பார்த்துவிட்டு வந்த இஞ்சினியர் ஒருவர் ஒருநாள் சொன்னார்: "அங்க பனி உருகி உருகிச் சுருங்குது. இன்னிக்கு ஆறு நிறைய ஓடும், நாளைக்கு மிஷினுக்குத் தண்ணி இருக்காது. உங்களுக்கு அந்தப் பனி எது தெரியுமா? மேல இருக்கிற புல்வெளிச் சேறுதான். மழையைப் பிடிச்சு வெச்சுக் கோடையில கொஞ்சங் கொஞ்சமா விடும். அங்க போய்த் தண்ணியை உறிஞ்சுற சீகை மரமும் கற்பூர மரமும் நட்டுட்டீங்களே!" எனக்குச் சுறுசுறுவென்று கோபம் ஏறியது. நட்டது நானா?

தண்ணீர் குறைந்ததும், மேலிடத்திலிருந்து போன் வந்தால்தான் மிஷின் என்று ஆயிற்று. மற்ற நேரமெல்லாம் ஆறு காய்ந்து கிடக்கும். குவார்ட்டர்ஸ் பெண்கள் பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் துணி துவைக்கப் பழகிவிட்டார்கள். மிஷினைக் கிளப்பும் முன் ஐந்து ஐந்து நிமிஷம் விட்டு மூன்று முறை சங்கு ஊத வேண்டும் என்பது முறை. ஊதி முடித்த கையோடு, "வேண்டாம், தண்ணியை மிச்சம் பிடிங்க" என்று மறுபடி போன் வரும். வாரத்தில் நாலைந்து தடவை இந்தக் கூத்து. கடைசியில் சங்கு ஊதினால் ஆற்றில் யாரும் தலை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

அன்று எனக்கு விடுப்பு. துணி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் மனைவி கேட்டாள்.

"ஏனுங்க, இன்னிக்கு மிஷின் ஓடுமுங்களா?"

"அணையில தவளை முங்கத் தண்ணியில்ல. நீ போயிட்டு வா."

கட்டிலில் படுத்திருந்தேன். சங்கு ஊதியது. புரண்டு படுத்தேன். இரண்டாவதும் ஊதியது. மூன்றாவதற்கு, "இப்ப போன் வரும் பாரு" என்று வாய்விட்டே சொல்லிச் சிரித்தேன். போன் வரவில்லை. ஆற்றின் இரைச்சல் வந்தது.

வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்காமல் ஓடினேன். அவள் ஒரு பாறையைக் கட்டிப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் மார்பளவு ஏறி அவளைப் பிய்த்து எடுக்கப் பார்த்தது. உருண்டு வந்த கல் ஒன்று அவள் இடது கையில் மோதியதை நான் கண்ணால் பார்த்தேன். பிடி விட்டது. பாய்ந்து, கைக்கு அகப்பட்ட கூந்தலைப் பிடித்து, பாறையில் தேய்த்துத் தேய்த்துக் கரைக்கு இழுத்தேன். அவள் நெற்றி கிழிந்தது. கை முழங்கைக்குக் கீழே கோணிக்கொண்டு நின்றது. உயிர் இருக்கிறது என்று தெரிந்ததும் பளாரென்று அவள் கன்னத்தில் அறைந்தேன். ஏன் அறைந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பயத்தில் என்று சொன்னால் அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை.

அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடி வந்தார்கள். அவளை அவர்களிடம் விட்டுவிட்டு மின் நிலையத்துக்குள் புகுந்தேன். ஷிப்டில் இருந்தவன் என்னைவிட இளையவன், அதிர்ந்து பேசாதவன். சட்டையைப் பிடித்து இழுத்து வாயிலேயே குத்தினேன். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. கீழே விழுந்தவனை மிதித்தேன். அவன் திருப்பி அடிக்கவில்லை.

"மூணு தடவை ஊதுனேனுங்கண்ணா," என்றான். "உங்களுக்குக் கேக்கலீங்களா?"

தூக்கிய காலைக் கீழே வைத்தேன்.

குன்னூர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டபடியே டாக்டர் அவளைக் கடிந்துகொண்டார். "சங்கு ஊதியும் ஏம்மா எந்திரிக்கலே?"

"ஊட்டுக்காரரு ஓடாதுன்னு சொன்னாருங்க," என்றாள். குறை சொல்கிற குரலே இல்லை.

டாக்டர் அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். கன்னத்தில் என் நாலு விரலும் பதிந்திருந்தன.

"இது?"

நான் பக்கத்திலேயே நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"பாறை இடிச்சதுங்க," என்றாள்.