எண்ணூறில் வைத்த கட்டிங்

என் பிடிவாதத்தால் எரிந்துபோன இரண்டு ஸ்பீக்கர் டிரைவர்களுக்கான பழியை, அதைத் தடுக்கப் பார்த்த மனிதர் மீதே போட்டேன். அதற்கு இரண்டு சொற்களே போதுமாயிருந்தன: "சொன்னாக் கேக்கலீங்க."

அப்போது நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றிருந்தேன். மண்ணரையில் என் வீட்டுப் பின்பக்கம் குடியிருந்தவர் ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர், தூத்துக்குடிப் பக்கம். ஸ்பீக்கர் பெட்டி செய்கிற பித்து எங்கள் இருவருக்கும் உண்டு. பனியன் ஏற்றுமதிக்கு இருந்த கோட்டாக் கட்டுப்பாடு நீங்கி, ஊரெங்கும் கட்டடங்கள் எழுந்த சமயம். அவருடைய முதலாளியும் நான்கு மாடி கட்டினார். திறப்பு விழாவுக்கு எங்கள் பெட்டிகளை வைப்பதாக ஏற்பாடு. சரியாக அமைந்தால் கம்பெனி விழாக்களும் முதலாளியின் சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணங்களும் மாஸ்டருக்குத்தான். இருபது வருடம் நின்ற கட்டிங் மேசையை விட்டுவிட்டு சவுண்டு சர்வீஸ் தொடங்க அவருக்கு இருந்த ஒரே வழி அது.

பெட்டியில் அடித்தொனிக்கு ஊஃபர். அதற்கு மேலே, பேச்சு தெளிவாகக் கேட்பதற்கு, புனல் வடிவ ஹாரனின் பின்னால் திருகப்படும் கம்ப்ரஷன் டிரைவர். எந்த அதிர்வெண்ணில் ஊஃபர் விட, டிரைவர் ஏற்க வேண்டும் என்பதை மாஸ்டர் தன் தொழில் வழக்கப்படி 'கட்டிங்' என்பார். பதினைந்து அங்குல ஊஃபர்தான் வேண்டும் என்றேன் நான். பெரிய ஊஃபர் மேல்தொனிகளைப் பரவலாகத் தராது. அதனால் கட்டிங்கை எண்ணூறு ஹெர்ட்ஸுக்கு இறக்கக் கணக்குப் போட்டேன். கட்டிங் இறங்க இறங்க டிரைவர் மேல் சுமை கூடும்.

கடையில் மாஸ்டர் டிரைவரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"பொடிசா இருக்கு சார். எண்ணூறு தாங்காது."

"அட்டையில எண்ணூறுன்னுதானுங்க போட்டிருக்குது" என்று டிரைவர் வந்த அட்டைப்பெட்டியைக் காட்டினேன்.

"துணி ரோல்லயும்தான் அகலம் போட்டு வருது. ஒரு தண்ணி பாத்தா சுருங்கிருதுல்லா? அலவன்ஸ் விடாம வெட்டுனா எல் சைஸ் எம் ஆயிரும். பன்னெண்டு இஞ்சு ஊஃபர் போடுவோம், கட்டிங்க ரெண்டாயிரத்துக்கு ஏத்துவோம்."

"மாஸ்டர், இது சவுண்டுங்க. பனியன் இல்லீங்க."

கடைக்காரர் சிரித்தார். மாஸ்டரும் சிரித்துவிட்டு, நான் சொன்னதையே கட்டச் சொன்னார். வீட்டில் மெதுவாக வைத்துக் கேட்டபோது பெட்டிகள் அருமையாகப் பாடின.

விழாவன்று காலையில் முதல் அரைமணி நேரம் நாதஸ்வரம் ஓடியது. கூட்டம் சேரச் சேர மாஸ்டரை ஒலியைக் கூட்டச் சொன்னார்கள். முதல் பேச்சாளர் வாயைத் திறந்ததும் இடப்பக்க ஹாரன் ஒருமுறை கிழிந்து கத்தி அடங்கியது. மாஸ்டர் குனிந்தபடியே என்னிடம் வந்தார். சட்டைப்பையில் சிறிய கண்டன்சர்கள் இருந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வந்திருக்கிறார்.

"முதலாளிட்ட பத்து நிமிஷம் கேளுங்க சார். நீங்க சொன்னா கேப்பாரு. இத மாத்திக் கட்டிங்க ஏத்திருதேன். அந்தப் பக்கமாவது மிஞ்சும்."

நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால் என் கணக்கைச் சொல்ல வேண்டும். முன்வரிசையில் என்னிடம் படித்தவர்கள் மூன்று பேர் இருந்தார்கள்.

"தாங்குமுங்க. பாக்கலாம்" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். வலப்பக்க ஹாரனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரம் கூட ஆகவில்லை, அதுவும் போயிற்று. பிறகு ஊஃபர் மட்டும்தான். பேச்சு, வாயில் துணி வைத்துக்கொண்டு பேசுவதைப் போல உறுமியது. முதலாளி என் பக்கம் சாய்ந்தார்.

"ஏனுங்க சார், என்னாச்சுங்க?"

"கட்டிங்க ரொம்பக் கீழ வெச்சுட்டாருங்க. சொன்னாக் கேக்கலீங்க."

பின்னால் இருந்த சூப்பர்வைசர் கேட்டுவிட்டார். "துணி வெட்டறவரு துணிய மட்டும் வெட்டோணும்" என்றார். கம்பெனி ஆட்கள் இருந்த அந்த வரிசையே சிரித்தது. மதியச் சாப்பாட்டுக்குள் அனுப்பர்பாளையத்திலிருந்து வேறொரு சவுண்டு சர்வீஸ் வண்டி வந்து இறங்கியது.

மாஸ்டர் கட்டிங் மேசைக்கே திரும்பினார். அடுத்த மாதம் என் வீட்டைக் காலி செய்தார். காரணம் கேட்காமல் சாவியை வாங்கிக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து முதலாளியிடம் போய் உண்மையைச் சொன்னேன். "அட, அதயெல்லாம் இன்னுமா நெனச்சிட்டிருக்கறீங்க" என்று காபி வரவழைத்தார். அதற்குப் பிறகே மாஸ்டரிடம் போனேன். வாசலில் நின்றே கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொன்னது அன்னைக்கே காதுல விழுந்துச்சு சார். உங்க பக்கத்துப் பெட்டிக்குப் பின்னாலதான நின்னேன். முதலாளிட்ட சொல்லி என்ன செய்ய? சிரிச்சவங்ககிட்ட சொல்லுங்க."

மறுநாள் டீ நேரத்தில் கட்டிங் செக்ஷனில் நின்று சொன்னேன். நாற்பது பேர் இருந்திருப்பார்கள், கையில் டீயோடு. தவறு என்னுடையது, அவர் தடுத்தார், நான் கேட்கவில்லை, பிறகு பொய் சொன்னேன். அந்தச் சூப்பர்வைசர் தரையைப் பார்த்துக்கொண்டு "சரிங்க சார்" என்றார். மாஸ்டர் மேசையில் துணியை நீவிக்கொண்டிருந்தார்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு முதலாளி அவரிடமே சவுண்டைக் கொடுத்தார். என்னையும் அழைத்திருந்தார்கள். மாஸ்டர் தனியாகவே புதுப் பெட்டிகள் செய்திருந்தார். பன்னிரண்டு அங்குல ஊஃபர்கள். கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்றிருந்த எனக்குப் பேச்சின் ஒவ்வொரு எழுத்தும் பிசிறில்லாமல் கேட்டது. பூஜை முடிந்ததும் அருகில் போய், என்ன டிரைவர் போட்டிருக்கிறார் என்று விசாரித்தேன்.

"கடையில இருந்தத வாங்கிப் போட்டேன் சார்" என்றார் அவர். வயரைக் கையில் சுற்றிக்கொண்டே அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.