மலைக்குப் போகப் பூக் கேட்டது

அந்த வருஷம் தை மாதத்தில் எங்கள் குடும்பம் மூணாற்று மலைக்குப் போவதாக இருந்தது. போகவில்லை. ஆயினும், பின்னாளில் போய்வந்த எத்தனையோ பயணங்களைவிட, போகாத அந்தப் பயணத்துக்காகச் செய்த ஏற்பாடுகளே எனக்குத் தெளிவாக நினைவிருக்கின்றன.

பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளிக்குக் கிழக்கே, இருபோகம் விளையும் வயல்களுக்கு நடுவில் எங்கள் வீடு இருந்தது. வரப்பில் நின்று தெற்கே பார்த்தால் மலைத்தொடர் முழுவதும் தெரியும். அதை யாரும் நின்று பார்த்ததில்லை. மேகம் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று தெரிந்துகொள்ள மட்டும் தலையைத் தூக்குவார்கள். மலைமேல் போனவர்கள் எல்லாரும் பிழைப்புக்காகப் போனவர்கள். அரிசி மூட்டை ஏற்றிய வண்டிகள் போயின. விளைச்சல் பொய்த்த ஊர்களிலிருந்து கங்காணிகளின் பின்னால் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆட்கள் போனார்கள். வேடிக்கை பார்க்கவும் மலைக்குப் போகலாம் என்ற எண்ணத்தை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவர் சித்தப்பா.

சித்தப்பா பாலக்காட்டில் கல்லூரியில் படித்து முடித்திருந்தார். மாசிக் கடைசியில் அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணமானால் வயலும் வரப்பும் காலைக் கட்டிவிடும், அதற்கு முன்னால் ஒரு தடவை மலையைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய வாதம். அவரிடம் இருந்த பூகோளப் புத்தகத்தில் ஐரோப்பாவிலுள்ள ஆல்ப்ஸ் மலையின் படம் ஒன்று உண்டு. வெள்ளைச் சிகரங்கள், அடியில் ஒரு ஏரி, ஏரிக்கரையில் இரண்டு மாடுகள். எங்கள் மலையின் உச்சியிலும் மார்கழி, தை மாதங்களில் விடியும்போது புல்லெல்லாம் உறைந்து வெளுத்துக் கிடக்குமாம். தோட்டத்துத் துரைகள் தங்கள் ஊருக்கே வந்துவிட்டதுபோல இருக்கிறது என்று சொல்வார்களாம். இதையெல்லாம் சித்தப்பா யாரிடமோ கேட்டுவந்து, தாமே பார்த்ததுபோலச் சொல்வார்.

"அங்க போயி என்ன பண்றது?" என்று அம்மா கேட்டார்.

"பாக்கறதுங்க."

"பாத்துப்போட்டு?"

"பாத்துப்போட்டுத் திரும்பி வர்றதுங்க."

"அதுக்கா அத்தாந்தொலைவு மாட்ட ஓட்டறது? மலை இங்கிருந்தே தெரியுதல்லொ."

அப்பா சிரித்தார். சிரித்துவிட்டதாலேயே பாதி சம்மதித்தவராகிவிட்டார். அறுவடை முடிந்து நெல் பத்தாயத்துக்கு வந்ததும் புறப்படுவது என்று பேச்சு நிலைபெற்றது. பொள்ளாச்சி, உடுமலை வழியாகச் சின்னாறு வரை சொந்த வண்டி. அங்கிருந்து மறையூர் போய், அதற்கு மேல் ஏற மட்டக்குதிரையோ டோலியோ கிடைத்ததைப் பிடித்துக்கொள்வது. பொள்ளாச்சிச் சந்தையில் கம்பளிகள் வாங்கிவந்தார்கள். அவற்றை வெயிலில் விரித்தபோது வந்த ஆட்டு வாடையை மலையின் வாடை என்று நான் நம்பினேன். மாடுகளுக்குப் புது லாடம் அடிக்கப்பட்டது. அம்மா அரிசி, பருப்பு, புளி, மிளகாய்ப்பொடி, உப்பு என்று மூட்டை கட்டிக்கொண்டே போனார். மலைக்கு அரிசி அனுப்பும் ஊர்க்காரர்களாகிய நாங்கள், மலையில் அரிசி கிடைக்காது என்று உறுதியாக நம்பினோம். என் பங்குக்கு, உறைந்த பனியை எடுத்துவந்து பள்ளிக்கூடத்தில் காட்டுவதற்காக, மூடி இறுக்கமாகப் பொருந்தும் தூக்குப்போசி ஒன்றைத் தேர்ந்து, யாரும் மோர் ஊற்றிவிடாதபடி ஒளித்து வைத்தேன்.

இந்த ஏற்பாடுகளில் சேராமல் இருந்தவர் அத்தை ஒருவர்தான்.

அத்தை, அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. எங்களோடுதான் இருந்தார். அவருடைய கணவர், எனக்கு மாமா, நான் பிறப்பதற்குச் சற்று முன் அரிசி வண்டியோடு மலைக்குப் போய், அங்கேயே ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக அமர்ந்தவர். முதலில் பொங்கலுக்குப் பொங்கல் வந்துகொண்டிருந்தாராம். பிறகு வரவில்லை. வண்டிக்காரர்கள் கொண்டுவந்த செய்திகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. மலைக்காய்ச்சலில் போய்விட்டார் என்றார் ஒருவர். மறையூரில் குடும்பமும் குழந்தையுமாகப் பார்த்ததாக மற்றொருவர் சொன்னார். கண்டிக்குக் கப்பலேறிவிட்டார் என்றும் ஒரு பேச்சு. எங்கள் வீட்டில் இந்த மூன்றையும் நம்பவில்லை, மறுக்கவுமில்லை. யாரும் போய் விசாரிக்கவில்லை. விசாரிக்காமல் இருப்பது சோம்பலால் அல்ல என்பதை நான் அறிந்துகொள்ள வெகுகாலம் ஆயிற்று. உறுதியான செய்தி வராதவரை அத்தை சுமங்கலி. நெற்றியில் குங்குமம் உண்டு, தலையில் பூ உண்டு, உறவினர் வீட்டு விசேஷங்களில் முன்வரிசையில் இடம் உண்டு.

அந்த மாசியில் அதற்கும் மேலான ஒன்று இருந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன் இணைச்சீர் என்று ஒன்று நடக்கும். கூறைச்சேலையின் ஒரு தலைப்பு மாப்பிள்ளையிடமும் மறுதலைப்பு அவனுடைய சகோதரியிடமும் இருக்க, இருவரும் சேர்ந்து நிற்பார்கள். புதிதாக ஒரு பெண் வரப்போகும் வீட்டில் கூடப்பிறந்தவளின் உரிமை அற்றுவிடவில்லை என்று ஊரறியச் சொல்லும் சீர் அது. சித்தப்பாவுக்கு இருந்தது ஒரே அக்கா. கைம்பெண்ணை அந்தச் சீருக்கு நிறுத்த மாட்டார்கள்; பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தியை நிறுத்திவிடுவார்கள். பிறந்த வீட்டில் சோறு உண்டு வாழும் ஒரு பெண்ணுக்கு அந்தச் சேலைத் தலைப்பு எவ்வளவு பெரிய பிடிமானம் என்பதைப் படித்த சித்தப்பா நினைத்துப் பார்க்கவில்லை.

ஒரு நாள் காலை, எல்லாரும் பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "அத்தனை தூரம் போறம். மச்சான் வேலை பாத்த தோட்டம் மறையூருக்கு மேலதான இருக்குது? நேரா ஆப்பீஸ்ல போயிக் கேட்டுப்போடலாம். இருக்கறாரா, இல்லையான்னு ஒரே நாள்ல தெரிஞ்சு போகும். அக்கா இப்பிடியே எத்தனை நாளைக்கு இருக்கறது?"

அவர் குரலில் அன்புதான் இருந்தது. அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அத்தைக்கு விடை தேடித் தருவதாகவே அவர் எண்ணினார். அம்மா மோரை ஊற்றவந்த கையை அப்படியே நிறுத்திக்கொண்டார். அப்பா தட்டைப் பார்த்தபடி இருந்தார். அத்தை மட்டும் இயல்பாக, "ஊறுகாய் வேணுமா தம்பி?" என்று கேட்டார்.

அன்று முழுதும் அப்பா களத்திலேயே இருந்தார். வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று சித்தப்பா கேட்பார். ஏன் என்பதை அத்தையின் காதுபடச் சொல்ல வேண்டிவரும். சொல்லாமல் தடுத்தால், தங்கையின் கணவனைத் தேட மனமில்லாத அண்ணன் என்று ஊர் பேசும். இதையெல்லாம் அவர் எடைபோட்டிருப்பார் என்று இப்போது ஊகிக்கிறேன். சாயங்காலம் கைகால் கழுவிக்கொண்டு வந்தவர், "புது வழி, காட்டு வழி. சாமிகிட்டப் பூக் கேக்காமப் போகக் கூடாது" என்றார்.

சித்தப்பாவுக்கு இதில் நம்பிக்கையில்லை. இருந்தாலும் சாமி தமக்கு எதிராகச் சொல்லக் காரணமில்லை என்று நினைத்தவர்போல, "அதுக்கென்னுங், கேட்டுப்போடலாம்" என்றார்.

பூக் கேட்பது எங்கள் குடும்பத்தில் கிணறு வெட்டுவதற்கும் பெண் எடுப்பதற்கும் முன்னால் செய்யும் வழக்கம். ஒரே அளவுள்ள இரண்டு பூவரச இலைகளில், ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டையும் மற்றொன்றில் செவ்வரளியும் வைத்து மடித்து, வாழைநாரால் கட்டி, சாமியின் காலடியில் வைப்பார்கள். விவரம் அறியாத குழந்தை ஒன்று எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டணத்தைப் பிரிக்கக் கூடாது. அது ஆற்றிலோ மரத்தடியிலோ போய்விடும்.

குலதெய்வத்தின் கோயில் வண்டியில் போகும் தூரத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் போனோம். எப்போதும் பூசாரிதான் பொட்டணம் கட்டுவார். அன்றைக்கு அவர் பூப்பறிக்க எழுந்தபோது அப்பா, "நீங்க வெளக்கப் பாருங்க பூசாரி. பொட்டணத்த அம்மிணி கட்டட்டும்" என்றார். அம்மிணி என்றது அத்தையை. அத்தை ஒரு கணம் அண்ணனைப் பார்த்தார். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போய், சற்று நேரத்தில் இரண்டு பச்சைப் பொட்டணங்களுடன் திரும்பினார். நார்முடிச்சுகள்கூட ஒன்றுபோல இருந்தன.

விவரம் அறியாத குழந்தையாகிய நான் கண்ணை மூடிக்கொண்டு வெள்ளை, வெள்ளை என்று மனதுக்குள் சொன்னேன். எனக்கு வேண்டியிருந்தது உறைபனி ஒன்றுதான். வலப்பக்கத்துப் பொட்டணத்தின்மேல் கைவைத்து, பிறகு மனம் மாறி இடப்பக்கத்ததை எடுத்துக் கொடுத்தேன். பூசாரி பிரித்தார். செவ்வரளி.

சித்தப்பாவின் முகம் சிறுத்துப்போயிற்று. "சரி, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு மாடுகளைப் பார்க்கப் போனார். பூசாரி அவரைத் தேற்றிக்கொண்டே கூடப் போனார். நான் நகரவில்லை. முதலில் தொட்டதை எடுத்திருந்தால் மலைக்குப் போக உத்தரவு கிடைத்திருக்கும் என்ற ஆற்றாமையில், நான் இழந்த வெள்ளைப் பூவையாவது பார்த்துவிட எண்ணி மற்றப் பொட்டணத்தைப் பிரித்தேன். அதிலும் செவ்வரளிதான் இருந்தது.

"அப்பா, இதுலயும் செவப்பு" என்றேன்.

அப்பா வந்து குனிந்து பார்த்தார். அத்தை தூணோரம் நின்றிருந்தார், அசையவில்லை. அப்பா என் கையிலிருந்த பூவை வாங்கிக்கொண்டு, இலையைக் கசக்கி எறிந்தார்.

"சாமி ரெண்டு பொட்டணத்துலயும் ஒண்ணையேதான் சொல்லியிருக்குது, கண்ணு. அத்தனை உறுதி. சித்தப்பன்கிட்டச் சொல்லீராத, அவனுக்கு இன்னும் சங்கடமாயிரும்" என்றார். பிறகு பூவை உள்ளங்கையில் வைத்துத் தங்கையிடம் நீட்டினார். "தலையில வெச்சுக்க, அம்மிணி."

அத்தை வாங்கிக் கொண்டையில் செருகிக்கொண்டார்.

மாசியில் கல்யாணம் நடந்தது. இணைச்சீருக்கு அத்தைதான் நின்றார். அவர் அன்று நிமிர்ந்து நின்றதைப்போல அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. மாமாவைப் பற்றிய செய்தி கடைசிவரை வரவேயில்லை. படித்து, நாலு பேருடைய நன்மை தீமைகளைப் பற்றிப் பேசும் நிலைக்கு வந்தபிறகு, இந்த நிகழ்ச்சியை நான் பலமுறை புரட்டிப் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் அப்போது உயிரோடு, காய்ச்சலில், யாராவது வரமாட்டார்களா என்று கிடந்திருந்தால்? மறையூரில் உண்மையாகவே ஒரு பெண்ணும் குழந்தையும் ஆதரவற்று இருந்திருந்தால்? இரண்டு அரளிப் பூக்கள் அவர்களுக்கு என்ன செய்தன என்று எங்களுக்குத் தெரியாது. மறுபுறம், உண்மையைத் தெரிந்துகொண்டதற்காக ஒரு பெண்ணிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ளும் வழக்கத்தை வைத்துக்கொண்டு, அவள் உண்மையைத் தேடவில்லை என்று குறைசொல்வது எந்த நியாயத்தில் சேரும்? அண்ணனும் தங்கையும் அந்த வழக்கத்தை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவர்கள் அல்லர். பேசாமலே அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி கண்டார்கள். அது போதுமா என்று கேட்டால், போதாது என்றுதான் சொல்வேன். அன்றைக்கு அவர்களுக்கு வேறு வழி இருந்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை.

அன்று இவற்றில் எதுவும் எனக்குத் தெரியாது. சாமி இரண்டு தடவை சொன்ன இரகசியம் என்னிடம் இருக்கிறது என்ற பெருமை கொஞ்சம்; பனி போய்விட்டதே என்ற வருத்தம் நிறைய. திரும்பும்போது வண்டியில் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் அப்பா ஓட்டினார். சித்தப்பா ஏறாமல் வண்டியின் பின்னால் நடந்துவந்தார். வெயில் ஏறி, மலை நீலம் மங்கிப் புகைபோல ஆகிக்கொண்டிருந்தது.

"பனி பாக்க முடியலைன்னு கோவமா, கண்ணு?" என்று அத்தை கேட்டார்.

"உங்களுக்கு இல்லீங்களா அத்தை? போயிருந்தா மாமன் எங்க இருக்கறாருன்னு தெரிஞ்சிருக்குமல்லங்க."

அத்தை கொண்டையிலிருந்த பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"தெரிஞ்சிருக்கும்" என்றார் பிறகு.

அவருடைய கை என் கையைப் பற்றியது. வலிக்கும்படி இறுக்கமாகப் பற்றி, ஊர் வரும்வரை விடவேயில்லை. பாதை மேடும் பள்ளமுமாக இருந்தது. வண்டி குலுங்குவதற்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு, "பயப்படாதீங்கத்தை, அப்பா மெதுவாத்தான் ஓட்டறாங்க" என்று நான் அவருக்குத் தைரியம் சொன்னேன்.