மறுவிதை தேடி மாம்பலம், அடையாறு, மயிலாப்பூர்

செங்கல்பட்டிலிருந்து காலை ஏழு பத்துக்குக் கிளம்பிய மின்சார ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மாம்பலத்துக்கு டிக்கெட் பதினைந்து ரூபாய். எங்கள் ஊர் மதுராந்தகத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர் உள்ளே. முதல் பஸ்ஸைப் பிடிப்பதற்காக நாலரைக்கே எழுந்திருந்தேன். சென்னைக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். எப்போதும் விற்கத்தான் போவேன். எண்ணெய், அரிசி, கம்பு மாவு என்று சுமக்க முடியாமல் சுமந்துகொண்டு. இந்தத் தடவை கையில் ஒரு காலித் துணிப்பை மட்டும்தான். கேட்டு வாங்கிவரப் போகிறேன்.

காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப் போகிறது? எங்கள் பெண்கள் குழு ஆறு வருஷம் பாடுபட்டு ஊரைச் சொந்தக்காலில் நிற்க வைத்தது. ஏரியைத் தூர்வாரினோம். செக்கு போட்டோம். உரக்கடைக்குப் போவதை நிறுத்தினோம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதை அறை கட்டினோம், அதன் சாவி என் இடுப்பில். அதில் கரைச்சம்பா என்று நாங்கள் சொல்லும் நெல் இருந்தது. ஏரியை ஒட்டிய உவர் நிலத்தில் அது ஒன்றுதான் விளையும். சுற்றுவட்டாரத்தில் வேறு யாரிடமும் இல்லை. விதைத்தது போக இரண்டு மூட்டையை மறுவிதை என்று தனியே வைப்போம். பயிர் அழிந்தால் திரும்ப விதைக்க அதுதான் கதி. புது நெல் களத்துக்கு வரும்வரை அதை யாரும் தொடக் கூடாது. இந்த விதியைப் போட்ட கூட்டத்தில் முதலில் கை தூக்கியது சாட்சாத் நான்.

ஐப்பசியில் தி.நகர் கடைக்காரர் ஒருவர் பெரிய ஆர்டர் கொடுத்தார். இரண்டு மூட்டை குறைந்தது. பயிர்தான் வயலில் ஜம்மென்று நிற்கிறதே என்று, ஒருவரையும் கேட்காமல் மறுவிதையை மில்லுக்கு அனுப்பிவிட்டேன். கார்த்திகையில் பிடித்த மழை வயலை ஏரியாக்கிவிட்டது. பத்து நாளுக்கு மேல் தண்ணீர் வடியவில்லை, ஒரு கதிர் தேறவில்லை. விதை அறையைத் திறந்து பார்த்தால் எலிகூட இல்லை, தின்ன ஏதாவது இருந்தால்தானே!

உமி நீக்காமல் வெளியே போனது கொஞ்சம்தான். அதே கடைக்கு அலங்காரத்துக்குக் கொடுத்த ஒரு பானை நெல்லும், வாசலில் கட்டித் தொங்கவிடும் கதிர்க் கொத்து ஆறும். ஒவ்வொரு கொத்திலும் என் கையெழுத்தில் ஒரு சீட்டு கட்டியிருந்தேன்: 'எங்கள் ஊருக்கு விதை வெளியிலிருந்து வருவதில்லை.' என்ன திமிர்!

மணி எட்டரை. மாம்பலத்தில் இறங்கி ரங்கநாதன் தெரு வழியாக நடந்தேன். கடைகள் இன்னும் திறக்காத நேரத்தில்தான் அந்தத் தெருவில் தரை தெரியும். ஒன்பதரைக்கு நம் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கினார். தென்காசிப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர்.

"வாங்கக்கா, என்ன சொல்லாம கொள்ளாம? காப்பி சொல்லட்டா?"

கல்லாவுக்குப் பக்கத்தில் பானை அப்படியே இருந்தது, விளிம்புவரை நெல். எனக்கு உயிர் வந்தது. கையை விட்டு அள்ளி முகர்ந்தேன். ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தேன். போன உயிர் வந்த வேகத்திலேயே திரும்பிப் போய்விட்டது.

"அண்ணாச்சி, இதை என்ன பண்ணீங்க?"

"பூச்சி விழுந்துரும்லாக்கா? அதான் எங்க வீட்ல லேசா வறுத்துத் தந்தா. இந்நா வரைக்கும் ஒரு பூச்சி கிடையாது பாத்துக்கிடுங்க!" என்றார் பெருமையாக.

விஷயத்தைச் சொன்னதும் மனுஷருக்கு முகம் செத்துவிட்டது. "அய்யய்யோ! நெல்லுன்னுதான நெனச்சேன். விதைன்னு யாரும் சொல்லலியேக்கா!"

யாரும் சொல்லவில்லைதான். சாவி வைத்திருந்த எனக்கே அது விதை என்பது மறந்துபோயிற்று, அவரை என்ன குறை சொல்ல? கொத்து வாங்கியவர்களில் இரண்டு பேருக்குத்தான் வீட்டுக்கே அனுப்பியிருந்தார். அந்த இரண்டு விலாசத்தையும் எழுதிக் கொடுத்தார். காப்பிக்குக் காசு கொடுக்க விடவில்லை.

பத்தேகாலுக்கு அடையாறு காந்தி நகருக்கு ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய். சைதாப்பேட்டையைத் தாண்டும்போது டிரைவர் எதற்கு வந்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

"இன்னாக்கா சொல்ற? எல்லாம் ஊர்லேர்ந்து இங்க வரும். நீ இன்னாடான்னா நெல்லு தேடிக்கினு ஊர்லேர்ந்து மெட்ராஸ் வந்துகீற!" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அடையாறு வீட்டில் மரியாதையாகத்தான் உட்கார வைத்தார்கள். கொத்து வரவேற்பறைச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. கதிர் முழுக்கத் தங்க நிறப் பெயின்ட். பளபளவென்று, கல்யாணப் பெண் மாதிரி. "அழகா இருக்கும்மா," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தேன்.

வெயில் ஏறிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு மயிலாப்பூர் போகும் பஸ். பெண்களுக்கு இலவசம் என்பதால் கண்டக்டர் காசில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். மந்தைவெளியைத் தாண்டி இறங்கி, குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இரண்டாம் மாடி ஏறினேன். இதுவும் இல்லையென்றால் அவ்வளவுதான், ஊருக்குள் எந்த முகத்தோடு போவது?

கதவைத் திறந்தவர் என் வயதுக்காரர், கணக்கு டீச்சராக இருக்கிறாராம். ஊர் பெயரைச் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா அந்த ஊர்? உங்க சீட்டை எத்தனை பேர்ட்ட காட்டிருக்கேன் தெரியுமோ? இப்படியும் ஒரு ஊர் இருக்குன்னு ஸ்கூல்ல சொல்லிண்டே இருப்பேன்!"

"மாமி, அந்தக் கொத்து இருக்குதா? வறுத்தீங்களா?" என்றுதான் கேட்க வந்தது.

"நெல்லைப் போய் யாராவது வறுப்பாளோ? குருவிக்குன்னா கட்டினேன்."

பால்கனியில் கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் வெறும் வைக்கோல். நாலு கதிரில் மட்டும் மணி. "அணில் இழுத்துண்டு போயிடறது. சிந்தினதைப் பெருக்கி டப்பால போட்டு வெச்சுண்டிருக்கேன்," என்று ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்தார். அடியில் ஒரு ஆழாக்கு நெல். கடித்துப் பார்த்தேன். கரகரவென்று பச்சை நெல்!

அழுதுவிட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், கை தூக்கியது முதல் மில்லுக்கு அனுப்பியது வரை. அவர் கத்தரிக்கோல் எடுத்துவந்து நாலு கதிரையும் வெட்டினார். சீட்டையும் அவிழ்த்து என் பையில் வைத்தார்.

"அடுத்த வருஷம் எனக்கு ஒரு கொத்து குடுங்கோ. குருவியெல்லாம் பழகிடுத்து."

அறுக்காத பயிரை நம்பிக் கடைக்காரருக்கு மூட்டை மூட்டையாக ஒத்துக்கொண்டவள் நான். ஒரு கொத்துக்குச் சரியென்று சொல்ல நாக்கு எழவில்லை. "முளைக்கட்டும் மாமி," என்று மட்டும் சொன்னேன்.

சைதாப்பேட்டையில் மூன்றரை மணி ரயில். பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டேன். பால்கனி வெயிலிலும் மழையிலும் கிடந்த நெல், எத்தனை முளைக்குமோ. முளைத்தாலும் இந்த வருஷம் ஒரு பாத்திக்குத்தான் காணும். ஊர் முழுக்க விதைக்க மூன்று நான்கு வருஷம் ஆகும். அதுவரை ஏரியோர நிலம் தரிசாகக் கிடக்கும். இதே நெல்லை விதைத்துவந்த மற்ற வயலுக்கும் செங்கல்பட்டுக் கடையில்தான் விதை வாங்க வேண்டும்.

சென்னையில் ஒருவரும் என்னை ஏமாற்றவில்லை. ஒருவர் பத்திரமாக இருக்கட்டும் என்று வறுத்தார், ஒருவர் அழகாக இருக்கட்டும் என்று பெயின்ட் அடித்தார், ஒருவர் குருவிக்குப் போட்டார். விதையை விதையாக வைத்திருக்க வேண்டியவள் நான் ஒருத்திதான்.

நாளை குழுக் கூட்டம். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இந்தப் பாட்டில் விதை எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். மயிலாப்பூரிலிருந்து என்று சொல்ல வேண்டும். சொல்லுவேன்.