7418-ல் ஆள் வருது

கம்ப்யூட்டர் முன்னால் குனிந்தே கிடந்ததில் பாண்டீஸ்வரிக்கு இடுப்பு கழன்று விழுகிற மாதிரி வலி. ஏலத்தோட்டத்தில் காய் பறிக்கிற அவள் ஆத்தா மொக்கம்மாளுக்கும் அதே இடத்தில்தான் வலிக்கும். படிச்சு என்ன புண்ணியம்?

இது நடந்தது. பேய்க்கதைன்னு வெள்ளைச் சேலை, மல்லிகைப்பூ வாசம் தேடி வந்தவுக இங்கனயே எறங்கிக்கலாம். நட்ட நடுப்பகலில், கூடலூர் ஜீப் ஸ்டாண்டுக்கு மேல்மாடியில் இருக்கிற ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் நடந்தது. கம்பெனி என்றால் நாலு நாற்காலி, ஒரு ஏசி. ஏசி முதலாளிக்கு.

மதியம் ஒரு மணிக்குள் புரோகிராம் டெஸ்ட் எல்லாம் பாஸாகிப் பச்சை காட்டினால் பாண்டீஸ்வரிக்கு வேலை நிரந்தரம். ஆத்தா இனி மலைக்கு ஜீப் ஏற வேண்டாம். இல்லையென்றால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

டெஸ்ட் ஓட கம்ப்யூட்டரில் ஒரு காலி போர்ட் வேண்டும். போர்ட் என்பது நம்பர் போட்ட ஜீப் சீட்டு மாதிரி. ஒன்றில் ஒரு புரோகிராம்தான் உட்காரலாம். முதலாளி சுரேஷ்கண்ணன் எழுதின ஸ்கிரிப்ட், காலி சீட்டைப் பார்த்து நம்பரைக் குறித்துக்கொண்டு திரும்பி வந்துவிடும். அதற்குள் வேறெதுவோ உட்கார்ந்துவிடும். தோட்டத்து ஜீப்பில் ஒருநாள் தொங்கிப் போயிருந்தால் அவர் இந்தக் கூறுகெட்ட வேலையைச் செய்திருக்க மாட்டார்.

பாண்டீஸ்வரி மாற்றி எழுதினாள். சிஸ்டத்திடமே சீட்டு கேள். கொடுத்ததில் உட்கார். துண்டு போட்டுவிட்டுப் போகிற கதையே வேண்டாம். முடியும்வரை எந்திரிக்காதே.

பன்னிரண்டு மணிக்கு ஓட்டினாள்.

சிஸ்டம் கொடுத்த நம்பர் 7418.

வழக்கமாக ஐந்து இலக்கத்தில்தான் கொடுக்கும். இதென்ன நாலு? உட்காரப் போனால், ஏற்கெனவே ஆள் இருக்கிறதென்று எரர். மறுபடி கேட்டாள். 7418. மெஷினையே அணைத்துப் போட்டாள். 7418.

"சார், இதுல யாரோ உக்காந்திருக்காக."

"பேய் உக்காந்திருக்கும். வேலையப் பாரு தாயி."

சிரித்தார். அவருக்குத் தெரிந்த தொழில்நுட்பம் அவ்வளவுதான்.

எந்தப் புரோகிராம் பிடித்திருக்கிறது என்று தேடினாள். பெயர் வர வேண்டிய இடம் வெறுமை. வெளியாள் வேலையோ என்று நெட் வயரைப் பிடுங்கினாள்.

கர்ர்... கர்ர்...

இரண்டாம் கியரில் மேடு ஏறுகிற ஜீப். ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். ஸ்டாண்ட் காலி.

சத்தம் மெஷினுக்குள்.

அந்தப் போர்ட்டுக்கு ஒரு வார்த்தை அடித்து அனுப்பினாள். யாரு?

எழுத்து எழுத்தாக வந்தது.

துண்டு கிடக்கு... ஆள் வருது...

யாருக்குப் பிடிச்ச எடம்? என்று அடித்தாள்.

ஒங்காத்தாளுக்கு.

கரண்ட் போனது.

மணி ஒன்று. வேலையும் போனது.

சாயங்காலம் ஆத்தாளிடம் நம்பரை மட்டும்தான் சொன்னாள். மொக்கம்மாள் சோறு பிசைந்த கை அப்படியே நின்றது.

"அது ஜீப்பு நம்பருடீ. குமுளி ரோட்டுல உருண்டுச்சே, அது. நீ கைப்பிள்ள. காச்சல். துண்டப் போட்டு எடம் பிடிச்சிட்டு, ஒனக்கு மருந்து ஊத்த ஓடியாந்தேன். திரும்பிப் போனா, எங்கூடக் காய் பறிக்கிற கருத்தம்மா உக்காந்திருக்கா. 'எடுபட்ட சிறுக்கி, நீயே உக்காந்துட்டியே, துண்டு கிடக்கு, ஆள் வருதுன்னு சொல்ல வாயில்லையா'ன்னு வஞ்சேன். வண்டி போயிருச்சு."

"அப்புறம்?"

"அன்னைக்குத்தேன் உருண்டுச்சு. அவ மட்டுந்தேன் செத்தா. எந்துண்டு மேலயே."

விடிந்தால் மொக்கம்மாள் ஜீப் ஏற வேண்டும். வேறு பிழைப்பு இல்லை.

தன் இடத்தில் உட்கார்ந்து செத்த கருத்தம்மாளுக்கு அவள் கொடுக்க வேண்டியது ஒரு உசுரு. இன்னும் கொடுக்கவில்லை.