முனியாண்டிக்குப் படைத்த சம்சு

முனியாண்டி கோயில் முன்னால் புகைந்துகொண்டு நின்ற அந்தக் கரி லாரிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. யுத்தத்தில் எங்கள் நாட்டை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் பெட்ரோலுக்கு எங்கே போவது? லாரிக்குப் பின்னால் அடுப்பைப் பூட்டி, கரிப்புகையில் ஓட்டினார்கள். ஓட்டியவர் என் பெரியப்பா. லாரி ரப்பர்த் தோட்டத்தைவிட்டுக் கிளம்பினால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள், முனியாண்டிக்குச் சம்சு படைப்பார்கள். மரவள்ளிக் கிழங்கில் காய்ச்சிய சாராயம் அது. படைத்ததில் மிச்சத்தை டிரைவர் குடிக்க வேண்டும். மறுத்தால் வண்டிக்கு ஆகாதாம்.

அவர் திரும்பி வரும்வரை பெரியம்மா வாசலைவிட்டு நகரமாட்டாள். "சாமிக்கு வேணும்னா ஊத்துங்க. ஸ்டேரிங் புடிக்கிற ஆளுக்கு எதுக்கு?" என்று பூசாரியையே கேட்டவள். எரிகிற சூடத்தை அணைத்து, இனிக் குடிப்பதில்லை என்று பெரியப்பாவைச் சத்தியம் செய்ய வைத்தாள். அடுத்த பயணத்திலேயே குடித்துவிட்டு வந்து, "சாமி குத்தமாயிடும்டி" என்றார்.

பிறகு எல்லைக்கு அப்பால் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்தார்கள். பிடிபட்டவர்களில் பெரியம்மாவின் ஒரே தம்பி, என் மாமாவும் ஒருவர். குருண் ஸ்டேஷன்வரை அவர்களை ஏற்றிப்போக வேண்டியவர் பெரியப்பா. போகிற பிள்ளை உயிரோடு திரும்பவேண்டுமென்று ஒவ்வொரு தாயும் தன் பங்குக்குச் சம்சு கொண்டுவந்து படைத்தாள். எவள் பிள்ளைக்கு வைத்ததை அவர் வேண்டாமென்பது? பெரியம்மா குறுக்கே விழுந்து தடுத்தாள். ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் தம்பிக்கு நீ படைக்கலன்னா போ. என் மவனுக்குக் குறுக்க நிக்காத" என்றாள். பெரியம்மா கையை விடுவித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பிறகு தானும் ஒரு கோப்பை கொண்டுவந்து, படைத்து, தன் கையாலேயே புருஷனிடம் நீட்டினாள்.

குருணுக்கு முன்னால் ஒரு வளைவில் லாரி கவிழ்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. மாமாவுக்கு மட்டும் கால் முறிந்தது. முறிந்த காலால் ஜப்பான்காரனுக்கு என்ன பிரயோஜனம்? அவரை ரோட்டோரம் விட்டுவிட்டு மற்றவர்களை நடத்தியே கூட்டிப்போனான். போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை.

சண்டை ஓய்ந்த பிறகு, அன்று கையைப் பிடித்த பெண் வீட்டுக்கு வந்தாள். "என் மவன் காலையும் சேத்து ஒடைச்சிருக்கக் கூடாதா உன் புருஷன்?" என்றாள். குத்திக்காட்டவில்லை, மெய்யாகவே கேட்டாள். அதற்குப்பின் பெரியம்மா குடியைப் பற்றி வாயெடுத்தாலே பெரியப்பா, "அன்னைக்கு நான் குடிக்கலன்னா உன் தம்பி ஏதுடி?" என்பார். கூலிவீடுகள் நிறைந்த லயத்தையே அடக்கிய வாய் அவளுடையது. அதைக் கேட்டதும் வழிவிட்டு நகர்ந்துகொள்வாள். சில வருஷத்தில் பெரியப்பா குடித்துவிட்டு லாரியை மரத்தில் மோதிச் செத்தார். எதிரே சைக்கிளில் வந்த ஒரு குடும்பஸ்தனையும் கொண்டுபோனார். நினைத்தால் இன்னும் எனக்கு ஆற்றாமை அடங்கவில்லை.

இப்போதும் எங்கள் பேச்சில் காடி என்கிற காரைப் புதிதாக வாங்கினால் முனியாண்டி முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். மாமா இருந்தவரை அங்கே போய், "குடிச்சிட்டுக் காடியத் தொடாத தம்பி" என்று பையன்களிடம் கெஞ்சுவார். காலுக்கு என்ன ஆச்சு என்று கேட்பார்கள்.

"குடிச்சவன் லாரியில ஏறினேன்" என்பார்.

"அப்புறம்?"

மாமா வீட்டைப் பார்த்து நொண்டுவார்.