சாமிக்கு இடது, நமக்கு வலது

எங்கள் வீட்டில் தக்காளி வாங்க அனுப்பக் கூடாதவர் என்று ஒருவர் இருந்தார். அம்மாவின் தம்பி, என் மாமா. சந்தைக்கு அனுப்பினால் பாதி காயும் பாதி பழமுமாகப் பை நிறைய வாங்கி வந்து வைப்பார். அம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, "இதை ஊறுகாதான்டா போடணும்" என்பாள். மாமா அசடு வழியச் சிரித்துவிட்டு நழுவிவிடுவார். கவனம் இல்லாத மனுஷன் என்று வீட்டில் அவருக்குப் பெயர். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. கோபுரத்தில் கட்டிய விளக்குகளில் ஒன்றே ஒன்று அணைந்திருந்தாலும் தெருமுனையில் நின்றே கண்டுபிடிக்கிறவருக்கு எப்படிக் கவனம் இல்லாமல் போகும்?

மாமாவுக்கு சீரியல் செட் தொழில். நீடாமங்கலத்தைச் சுற்றி எந்த ஊரில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்றாலும் மைக்கும் விளக்கும் பெரும்பாலும் அவருடையவைதான். மூங்கில் சட்டத்தில் அவர் கட்டிய மயில் தோகை விரிக்கும், முருகன் வேலை ஆட்டுவார். அவருடைய ஒயர்ச் சுருள்களின் நுனியில் முடிச்சு போட்டிருக்கும். ஒற்றை முடிச்சு சிவப்பு, இரட்டை முடிச்சு பச்சை, முடிச்சு இல்லாதது மஞ்சள். இந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்போல என்று நான் நினைத்திருந்தேன்.

என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கண்ணு என்றுதான் கூப்பிடுவார். மொபெட்டில் ஏற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனால் வழியில் ரயில்வே கேட் மூடியிருக்கும். எங்கள் ஊர்க்காரர்களின் ஆயுளில் ஒரு பகுதி அந்தக் கேட்டில் கழிவது வழக்கம். "கண்ணு, சிக்னல் என்ன கலர் சொல்லு பாப்போம்" என்று கேட்பார். நான் "செவப்பு மாமா" என்றதும் எஞ்சினை அணைப்பார். "பச்சை விழுந்துடுச்சு" என்றதும், ரயில் வந்துவிடும் என்று கிளப்பத் தயாராவார். சின்ன வயதில் எனக்கு நிறம் சொல்லிக் கொடுப்பதற்காக ஆரம்பித்த விளையாட்டு, பாவம், நிறுத்த மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன்.

நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது அப்பா மஸ்கட்டிலிருந்து விடுப்பில் வந்தார். எனக்கு ஒரு பெட்டி கொண்டுவந்தார். உள்ளே துண்டு துண்டாக ஒரு போர் விமானம். இரட்டை வால், கூர்மூக்கு, சாம்பல் நிறம். நிஜ விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு என்று பெட்டியில் போட்டிருந்தது. அரைப் பரீட்சை விடுமுறை முழுவதும் உட்கார்ந்து நானே ஒட்டினேன். விரலில் பசை காய்ந்து தோல் உரிந்தது. அப்பா திரும்பப் போகும்போது விமானம் முழுசாக நின்றது. அவர் அதைப் படம் எடுத்துக்கொண்டு போய்த் தன் அறைக்காரர்களிடமெல்லாம் காட்டினாராம். அதைக் கேட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது. விமானத்தைக் கொண்டுவருவதாகப் பெயர் கொடுத்தேன். கொடுத்ததோடு நிற்காமல், தஞ்சாவூரிலிருந்து கிளம்பி நம் தலைக்கு மேல் போகிற விமானத்தில் இருக்கிற விளக்குகள் எல்லாம் இதிலும் எரியும், நிஜம்போலவே இருக்கும் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் தலைமையாசிரியை, பரிசுக்குத் தேர்ந்தெடுக்க வருகிறவர் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று அறிவித்தார். மற்ற யாரை வேண்டுமானாலும் ஏய்க்கலாம். அந்த மனிதர் முன்னால் ஒரு விளக்கு தப்பாக எரிந்தாலும் என் வாய்ச்சவடால் சந்தி சிரித்துவிடும்.

மாமா சாப்பிட வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். விமானத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை.

"ஜமாய்ச்சுடலாம் கண்ணு. இறக்கை ஓரமா ஒரு வரி ஓட விடுவோம். மூக்குலேருந்து வாலுக்கு அலை அலையாப் போற மாதிரி."

"மாமா, இது ஏரோப்ளேன். தேர் இல்ல."

ஓடாமல், சிமிட்டாமல் சும்மா எரிகிற விளக்கை எல்லாம் அவர் விளக்காகவே மதிப்பதில்லை. ஆனாலும் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். இறக்கை நுனிகளில் ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் பச்சை. இரண்டும் நின்று எரிய வேண்டும். வாலில் வெள்ளை. முன் சக்கரக் காலில் தரையிறங்கும்போது போடுகிற வெள்ளை விளக்கு. முதுகில் மட்டும் ஒரு விளக்கு விட்டு விட்டு எரியலாம். அந்த ஒன்றாவது சிமிட்டுகிறதே என்று மாமா ஆறுதல் அடைந்தார்.

"செவப்பு எந்தப் பக்கம்?"

முதல் நாள் சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று பார்த்து வைத்திருந்தேன். வயலில் கொக்கெல்லாம் எழும்ப, ஜன்னல் கதவு நடுங்க, ஒன்று எங்கள் வீட்டைப் பார்த்து வந்தது. சிவப்பு என் சோற்றுக்கைப் பக்கம் இருந்தது.

"வலது பக்கம்" என்றேன்.

"சாமிக்கு வலதா, நமக்கு வலதா?"

இது மாமாவின் தொழில் கேள்வி. சாமி நம்மைப் பார்த்து நிற்கிறது, நாம் சாமியைப் பார்த்து நிற்கிறோம். வலப்பக்கம் மயிலைக் கட்டு என்று விழாக்காரர் சொன்னால் யாருடைய வலம் என்று கேட்டுக்கொள்ளாமல் கட்டக் கூடாது. கட்டினால் சாயங்காலம் எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டியிருக்கும்.

"நமக்கு வலது. சாமிக்கு இடது" என்றேன். மாமா இரண்டு முறை சொல்லிப் பார்த்து மனசில் ஏற்றிக்கொண்டார்.

தஞ்சாவூர் போய் அரிசி அளவு எல்.இ.டி.கள் வாங்கி வந்தார். எரியாதபோது எல்லாம் ஒன்றுபோலத் தண்ணீர்த் துளியாகத்தான் இருக்கும். கடைக்காரர் நிறவாரியாகப் பொட்டலம் கட்டி மேலே எழுதிக் கொடுத்திருந்தார். மாமா பழைய ஃபேன் காயிலிலிருந்து தலைமுடி மாதிரிக் கம்பியை உருவினார். ஊசியைப் பழுக்கக் காய்ச்சி இறக்கையில் துளை போட்டார். மூச்சை அடக்கிக்கொண்டு அவர் அந்தக் கம்பியை இறக்கைக்குள் செலுத்தியதைப் பார்த்து நானும் மூச்சு விடவில்லை. பலகையில் ஓடுபாதை வரைந்து, அதற்கு அடியில் பேட்டரி வைத்தோம். இறக்கை விளக்குகளுக்கு ஒரு சுவிட்ச், மற்றவற்றுக்கு ஒன்று. கண்காட்சிக்கு முந்தின நாள் பாக்கி இருந்தது இறக்கை நுனி இரண்டும்தான். நான் டியூஷனுக்குப் போயிருந்தேன். அம்மா பெருக்கும்போது கிடந்த பொட்டலங்களைப் பிரித்து எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டி வைத்திருக்கிறாள். மாமா வந்து மாட்டி முடித்துவிட்டு, ஒரு கல்யாண வீட்டுக்குப் பந்தல் விளக்கு போடப் போய்விட்டார்.

காலையில் சீருடை மாட்டிக்கொண்டு வந்து சுவிட்சைப் போட்டேன். விமானம் என்னைப் பார்த்து நின்றது. என் வலது பக்கம் பச்சை எரிந்தது.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கல்யாண வீட்டிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய மாமாவைப் பிடித்துக்கொண்டேன். "நமக்கு வலதுன்னு எத்தனை தடவை சொன்னேன்? மாத்தி வச்சிருக்கீங்களே மாமா. வர்ற ப்ளேனை இது போற ப்ளேன்னு காட்டும். எதிர்ல வர்றவன் மோதிடுவான்."

மாமா விமானத்தைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "சாமிக்கு வலதுன்னு நெனச்சுட்டேன் கண்ணு" என்றார்.

அம்மா தோசைக் கரண்டியோடு வெளியே வந்தாள். டப்பாவைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். மாமாவைத் திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் என் பக்கம் திரும்பி, "அவன் மாட்டுறப்ப நீ பக்கத்துல இருந்திருக்கணும்ல?" என்றாள். மாட்டினது மாமா, திட்டு எனக்கு. அநியாயம் என்றால் இதுதான் அநியாயம்.

பேருந்துக்கு நேரமில்லை. மாமா தன் வண்டியிலேயே கொண்டுவிடுவதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இரண்டு நுனி விளக்கையும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். பேட்டரியைக் கொடுத்தார். "நீயே எரிய வச்சுப் பாத்து, செவப்பை மட்டும் எடுத்துக் கொடு" என்றார். கொடுத்தேன். நமக்கு வலது என்று நான் சொல்லச் சொல்ல ஈயம் வைத்துப் பற்ற வைத்தார். பிறகு பச்சை. கடைசியில் என் நகப்பூச்சில் ஒரு சொட்டு வைத்ததும் விளக்குக்குக் கண்ணாடி மூடி போட்ட மாதிரி ஆகிவிட்டது. மாமா என்னைக் கையாளாக அல்ல, தலைமை மிஸ்திரியாக நடத்துகிறார் என்று தோன்றியதில் எனக்கு அப்போதே அழுகை மறந்துவிட்டது.

கண்காட்சியில் என் மேசைக்கு முன்னால்தான் கூட்டம். மாமா போகாமல் வகுப்பறைக் கதவோரம் நின்றார். அந்த விமானப்படைப் பெரியவர் வந்தார். வெள்ளை மீசை, நிமிர்ந்த நடை. குனிந்து விமானத்தைப் பார்த்தவர் ஜன்னல்களை மூடச் சொன்னார். இறக்கை விளக்குகளை மட்டும் விட்டு மற்றவற்றை அணைக்கச் சொன்னார்.

"திரும்பி நில்லும்மா" என்றார். பலகையைச் சுழற்றுகிற சத்தம் கேட்டது. "இப்ப பாரு. வருதா, போகுதா?"

இருட்டில் விமானமே தெரியவில்லை. இரண்டு புள்ளிகள் மட்டும் எரிந்தன. "நமக்கு வலது பக்கம் செவப்பு. வருது சார்."

மறுபடியும் திருப்பினார். "இப்ப?"

"நமக்கு இடது பக்கம் செவப்பு. போகுது."

"எப்படி ஞாபகம் வச்சுக்கிட்டே?"

"சாமிக்கு இடது, நமக்கு வலது சார்."

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார். மாட்டிக் கொடுத்தது யார் என்று கேட்டார். கதவோரம் கைகாட்டினேன். பெருமையில் கொஞ்சம் உளறவும் செய்தேன். மாமாதான் முதலில் மாற்றி மாட்டிவிட்டார், நான்தான் கண்டுபிடித்தேன் என்றேன். பெரியவர் விளையாட்டாகப் பலகையை இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு, "நீங்க சொல்லுங்க தம்பி, வருதா போகுதா?" என்று கேட்டார்.

மாமா அந்த இரண்டு புள்ளிகளையும் பார்த்தார். "அதைச் சொல்றதுக்குத்தான் இவ இருக்காளே சார்" என்றார்.

"இவ்வளவு சுத்தமான வேலை. நீங்கல்லாம் எங்க பக்கம் வந்திருக்கணும்."

"வந்தேன் சார். ஆள் எடுக்குறாங்கன்னு சொன்னாங்க, வந்தேன். பரீட்சை, ஓட்டம் எல்லாம் ஆயிடுச்சு. கடைசியில திருப்பி அனுப்பிட்டாங்க."

"எதனால?"

மாமா பக்கத்தில் வந்து என் தலைமேல் கையை வைத்தார். "கண்ணு" என்றார்.

நான் நிமிர்ந்து, "என்ன மாமா?" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். பெரியவர் விமானத்தின் இரண்டு இறக்கை நுனிகளையும் ஒரு கணம் பார்த்துவிட்டு, என்னையும் பார்த்தார். "நல்ல கண்ணுதான்" என்றார். என்னைத்தான் நல்ல பெண் என்று சொல்கிறார், முதல் பரிசு எனக்குத்தான் என்று முடிவு கட்டிக்கொண்டேன். பரிசு எனக்குத்தான் கிடைத்தது.

மாமாவுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்று அம்மா என்னிடம் சொன்னது, நான் கல்லூரி முடித்து வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண்களை எல்லாம் சரியாக வாசித்துவிட்டு வந்து பீற்றிக்கொண்ட நாளில். இந்த ஒரு காரணத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்ட மனிதர், இந்தப் பக்கத்துத் திருவிழாக்களுக்கெல்லாம் முடிச்சுகளை எண்ணியே வண்ணம் கட்டியிருக்கிறார். நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவரைப் பற்றி அப்படி ஒரு பெருமை.

அன்றைக்கு இது எதுவும் தெரியாது. பரிசுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு மொபெட்டில் வந்தேன். கேட் மூடியிருந்தது. மாமா வழக்கம்போல், "கண்ணு, சிக்னல் என்ன கலர் சொல்லு பாப்போம்" என்றார். முதல் பரிசு வாங்கினவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று தோன்றியது. போனால் போகிறது, மாமாவுக்கு என்னிடம் கேட்பதில் ஒரு சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு, கேட்டில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி, "செவப்பு மாமா" என்றேன். மாமா எஞ்சினை அணைத்தார்.